பதினாறில் ஒரு பங்கு: சிறு காய்கறித் தோட்டத்தில் பயிர்ச்சுழற்சியும் நடவு இடைவெளியும்



மொழிக்கென அமைந்த மன்றத்தில் கத்தரிச்செடியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அழைப்பு வந்தபோது, வேறு எவருக்கோ எழுதிய கடிதம் வழிதவறி என்னிடம் வந்துவிட்டதோ என்று ஐயுற்றேன். முப்பதாண்டுகளுக்கு மேல் ஜொகூர் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் வாழ்வியல் திறனும் கற்பித்தவன் நான். போன இடமெல்லாம் பள்ளித் தோட்டத்தையும் என் தலையில் கட்டினார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. ஆயினும் பாத்தி, நிரை, போகம், பட்டம் என்னும் சொற்கள் பாடநூலின் அருஞ்சொற்பட்டியலுக்குள் ஒதுங்கிவிட்ட காலத்தில், அவற்றை மண்ணோடு சேர்த்துப் பேசுவது இம்மன்றத்தின் பணிக்குப் புறம்பானதன்று என்று செயலாளர் எடுத்துரைத்தார். ஒப்புக்கொண்டேன்.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்பில் ஒரு விதி உண்டு. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை, கால்நடை மேய்க்கவும் காய்கறி பயிரிடவும் ஒதுக்குமாறு தோட்ட நிருவாகத்தைப் பணிக்க அவ்விதி இடமளித்தது. மாணவர்களே, கணக்கைப் போடுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பதினாறால் வகுத்தால் 2,722 சதுர அடிக்குச் சற்று மேல். மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 253 சதுர மீட்டர். பக்கத்துக்கு 52 அடி கொண்ட ஒரு சதுரம். சட்டத்தில் இருந்த அச்சதுரம் எத்தனை தோட்டங்களில் மண்ணுக்கு இறங்கியது என்பது வேறு செய்தி. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலமும் ஆகும். ஆனால் இங்கும் லயத்து வீடுகளின் பின்புறம் அப்படிப்பட்ட துண்டு நிலங்கள் இருந்தன என்பதை, நரைத்த தலையோடு இங்கே அமர்ந்திருக்கும் பலரும் அறிவர். 1942 முதல் 1945 வரை, அரிசி வராத ஜப்பானியர் காலத்தில், அந்தத் துண்டுகளில் விளைந்த மரவள்ளியே பல குடும்பங்களுக்குச் சோறாயிற்று.

என் தாயார் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளி. காலையில் நிரை, பிற்பகலில் பாத்தி என்று அவர் நாள் கழியும். வரிசையாய் நிற்கும் பால்மரங்களைத் தோட்டத்து வழக்கில் ‘நெரை’ என்போம். பள்ளிக்கூடம் காணாத மக்கள் சங்கத்தமிழ்ச் சொல் ஒன்றை நாள்தோறும் வாயில் வைத்திருந்தார்கள் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அம்மாவின் நிலத்தில் கத்தரி, மிளகாய், பயற்றங்காய், பாகல், தண்டுக்கீரை, ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை. அவருக்கு ஒரு விதி இருந்தது. “கத்திரி வச்ச எடத்துல மறுபடியும் கத்திரி வைக்காதே, மண்ணு சலிச்சுப் போவும்” என்பார். ஏன் என்று கேட்டால், “ஒரே கொழம்பத் தெனமும் ஊத்துனா ஒனக்குச் சலிக்காதா?” என்பார். நான் படித்தேன், பட்டயம் பெற்றேன், ஆசிரியனானேன், அந்த விதியை மறந்தேன். நான் இன்று சொல்லவிருப்பதில் பெரும்பகுதி அந்த மறதிக்குக் கொடுத்த விலை.

சிற்றூர்ப் பள்ளியொன்றில் தோட்டப் பொறுப்பு ஏற்ற முதலாண்டு. ஆறு மேட்டுப்பாத்திகள், ஒவ்வொன்றும் நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். அகலம் அவ்வளவே இருக்கவேண்டும். இரு பக்கமும் நின்று நடுவுக்குக் கையெட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகும். (சிறுவர்களாயின் 90 சென்டிமீட்டரே நன்று, அதைப் பின்னரே கற்றேன்.) பக்கத்து மலாய்க் கம்பத்தில் இதே மேட்டுப்பாத்தியைப் ‘பாத்தாஸ்’ என்பர். ஒலி ஒற்றுமையைக் கொண்டு உறவு கற்பிக்க நான் துணியமாட்டேன். அது மொழியறிஞர் வேலை. பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துவது இங்கே கட்டாயம். கரும்பு நட்ட பாத்தியில் ஆம்பல் தழைத்ததாக ஐங்குறுநூற்றில் ஒரு காட்சி வரும். மருதநிலப் புலவருக்கு அது வளத்தின் அடையாளம். என்னைப் போன்ற தோட்டக்காரனுக்கோ, வடிகால் சரியில்லை என்று பொருள்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் 32 மாணவர்கள். ஆளுக்கொரு கத்தரிச்செடி என்று அறிவித்தேன். பிள்ளைகள் முகம் மலர்ந்தது. 32 நாற்றுகளும் ஒரே பாத்தியில் இறங்கின. கணித ஆசிரியன் செய்யத்தகாத பிழை அது. கத்தரிக்குச் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் வேண்டும். 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு வரிசை, 3.6 மீட்டர் நீளத்தில் வரிசைக்கு ஆறு, ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டு செடிகளின் வீட்டில் முப்பத்திரண்டைக் குடியமர்த்தினேன். ஏழாம் வாரம் பாத்தி முழுதும் ஒரே பச்சை, பார்வைக்கு அழகு. தலைமையாசிரியர் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் செடிகள் ஒளியைத் தேடி மெலிந்து உயர்ந்தன. அடியிலைகள் பழுத்து உதிர்ந்தன. மழைக்குப் பின் நண்பகல் வரை இலைகள் காயவில்லை. பூ எடுத்தவையும் உதிர்ந்தன. ஓரத்தில் நின்ற செடிகள் மட்டும் ஓரளவு காய்த்தன. நடுவில் நட்ட பிள்ளைகள், தாங்கள் நீர் ஊற்றியது போதவில்லை என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றினார்கள். அவர்களிடம் தவறு உங்களுடையதன்று என்று சொல்ல எனக்கு நெடுநாள் ஆயிற்று.

நெருக்கி நட்டால் நிறைய விளையும் என்னும் எண்ணம் இயல்பானது. கீரைக்கு அது பெரும்பாலும் பொருந்தவும் செய்யும். ஜப்பானியச் சூழலியலாளர் தட்சுவோ கிராவும் அவர்தம் குழுவினரும் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஓரளவுக்கு மேல் செடிகளை எவ்வளவு நெருக்கினாலும், ஒரு சதுர மீட்டரில் உருவாகும் மொத்தப் பயிர்ப்பொருள் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு செடியின் பங்குதான் குறைகிறது. கீரையில் தண்டும் இலையும் முழுதாக உணவாகும்; ஆகவே பங்கு சிறுத்தாலும் இழப்பில்லை. கத்தரியில் நாம் வேண்டுவது காய். செடி தன் உடலைத் தாங்கியபின் மிஞ்சுவதில்தான் காய் வரும். மிச்சமில்லாத செடி காய்க்காது. அதனால்தான் தண்டுக்கீரைக்கு 15 சென்டிமீட்டர் போதும். மிளகாய்க்கு 45, கத்தரிக்கு 60, பந்தலில் ஏறும் பாகலுக்கும் புடலுக்கும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் என்று இடைவெளி விரிகிறது. நம் முன்னோர் இதைச் சென்டிமீட்டரில் சொல்லவில்லை. நெல்லுக்கு நண்டு, கரும்புக்கு நரி, வாழைக்கு வண்டி, தென்னைக்குத் தேர் என்று, ஒவ்வொரு பயிரின் ஊடேயும் எது ஓடவேண்டும் எனப் பழமொழியில் அளந்துவைத்தார்கள். அளவுகோல் இல்லாதவனும் மறக்கமுடியாத அளவை அது. கத்தரிக்கு அப்படியொன்று கேட்டபோது ஒரு மாணவி, “பூனை ஓட” என்றாள். அதையே அப்பள்ளியில் நெடுநாள் வழங்கினோம்.

செம்பனைத் தோட்டத்தைக் கண்டவர்கள் முக்கோண நடவை அறிவர். மரத்துக்கு மரம் 9 மீட்டர் வைத்துச் சதுரமாக நட்டால் ஒரு எக்டருக்கு 123 மரம். அதே 9 மீட்டரை முக்கோணமாக வைத்தால் 142. இடைவெளி குறையாமலே நூற்றுக்குப் பதினைந்து கூடுகிறது. இந்த வித்தையைப் பாத்திக்குக் கொண்டுவரலாமே என்று உயர்நிலை மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பில் கணக்கிட்டோம். கத்தரிக்குப் பயனில்லை, 1.2 மீட்டர் அகலத்தில் எப்படி நட்டாலும் இரண்டு வரிசைக்கு மேல் வராது. விளிம்பு கணக்கைத் தின்றுவிடுகிறது. 15 சென்டிமீட்டர்க் கீரைக்கோ எட்டு வரிசை ஒன்பதாகிறது. சதுரத்தில் 192 செடி, முக்கோணத்தில் 212. ஆகவே முக்கோணம் சிறு பயிருக்கும் பெருந்தோட்டத்துக்கும் உரியது. நடுத்தரமான செடிக்குச் சிறு பாத்தியில் அது வெறும் அழகு. ஆசிரியர்கள் இக்கணக்கை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

சோளத்தைப் பற்றி ஒரு சொல். மக்காச்சோளத்தை வேலியோரம் ஒற்றை வரிசையாக நடுவது நம் பள்ளிகளில் பரவலான பழக்கம். அது காற்றால் மகரந்தம் பெறும் பயிர்; ஒற்றை வரிசையில் கதிர்கள் பொக்குமணியோடு வரும். நான்கு குறுவரிசைகளாகக் கட்டமாக நடுங்கள்.

இனி சுழற்சி. அந்த முதலாண்டின் பத்தாம் வாரத்தில், மீந்திருந்த கத்தரிச்செடிகளில் ஒன்று நண்பகலில் துவண்டது. இலை பழுக்கவில்லை, பச்சையாகவே தொங்கியது. மாலையில் நிமிர்ந்தது. மறுநாளும் அவ்வாறே. நான்காம் நாள் நிமிரவில்லை. பத்து நாளில் பாத்தியில் பாதி போயிற்று. தண்ணீர்க் குறை என்று நானும் நம்பினேன். பின்னர் வேளாண்மைத் துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் வந்து, துவண்ட செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளையிலிருந்த தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்குமாறு பிடித்தார். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்புகை இழை இழையாக இறங்கியது. பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்தார்கள். ‘ரால்ஸ்டோனியா சொலனேசியாரம்’ என்னும் பாக்டீரியாவால் வரும் வாடல்நோய் அது. மண்ணில் வாழ்ந்து, வேர் வழியே புகுந்து, நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்ளும். செடி நீருக்கு நடுவே தாகத்தால் சாகும். வெப்பமும் ஈரமும் உள்ள நம்போன்ற நாடுகளில் அதற்கு என்றும் திருவிழா.

மறு பருவம் கத்தரியை வேறு பாத்திக்கு மாற்றி, நோய் கண்ட பாத்தியில் தக்காளி நட்டேன். பயிரை மாற்றிவிட்டேன் என்று நிறைவோடு இருந்தேன். தக்காளியும் துவண்டது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு யாவும் ஒரே குடும்பம். பயிரை மாற்றுவது சுழற்சியாகாது, குடும்பத்தை மாற்றவேண்டும்.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. மன்றத்தார் இதைக் கவனிக்கவேண்டும். நம் தமிழ்ப்பெயர்கள் பயிர்களைப் பயன்பாட்டால் இனம் பிரிப்பவை. ‘கீரை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன, பாருங்கள். தண்டுக்கீரை ஒரு குடும்பம், பசலை வேறொன்று, முருங்கை தனிக் குடும்பம், அகத்தி அவரையின் உறவு, மணத்தக்காளியோ கத்தரியின் உடன்பிறப்பு. ஆகவே ‘இந்தப் போகம் கீரை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு மணத்தக்காளியை நட்டவன், தெரியாமலே கத்தரியை நட்டவனாகிறான். ‘வள்ளி’யும் இப்படியே. மரவள்ளிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் பெயரில்தான் உறவு. சர்க்கரைவள்ளிக்கு உண்மையான உறவு, கங்கோங் என்று நாம் வழங்கும் வள்ளைக்கீரை. ஒன்றில் கிழங்கையும் மற்றொன்றில் இலையையும் உண்பதால் நமக்கு அது தோன்றுவதில்லை. சமையலறைக்கு ஏற்ற பெயர்கள் இவை. அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. தோட்டத்துக்கு இன்னொரு கண் வேண்டும், அவ்வளவே.

அந்தக் கண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இலத்தீன் பெயர் வேண்டா; பூப் போதும். கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் மிளகாய்ப்பூவையும் ஓர் இலையில் வைத்துக் காட்டினால், முகச்சாயலைக் கண்டு உறவு சொல்வதுபோல் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். வெண்டைப்பூவைக் கண்டதும், “ஐயா, இது பூங்கா ராயா!” என்று ஒரு சிறுவன் கூவினான். மெய்தான். 1960இல் நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம், பருத்தியும் அதிலேதான். பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி என்னும் கொடிகளின் பூக்களில் பெண்பூவின் அடியில் குட்டிக்காய் முன்னரே அமர்ந்திருக்கும். அது அந்தக் குடும்பத்தின் அடையாளம். பயற்றங்காய், அவரை, நிலக்கடலை ஆகியவற்றின் பூ வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும்.

குடும்பங்களைக் கற்றபின் நான்கு பாத்திகளை ஒரு சுற்றாக அமைத்தேன். கத்தரிக் குடும்பம், பயறு, கீரை, சோளம். புத்தகத்தில் படித்த சுற்று அது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டவுன்செண்ட் பிரபுவின் பெயரோடு பரவிய நார்ஃபோக் நான்கு பயிர்ச் சுழற்சி, கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, குளோவர்ப் புல் என்று நான்கு ஆண்டு சுழலும். அதே நான்கு படி எனக்கும் போதுமென்று எண்ணினேன். கத்தரி ஐந்து மாதம் நின்றது. அடுத்துப் பயறு எழுபத்தைந்து நாள், கீரை முப்பது நாள், சோளம் எழுபத்தைந்து நாள். ஆறே மாதத்தில் சுற்று முடிந்து, கத்தரி தன் பழைய பாத்திக்கே வந்துவிட்டது. துவண்டுவிட்டது.

எங்கே பிழைத்தேன் என்பதை உணர எனக்கு ஓராண்டு ஆயிற்று. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே உள்ளது. இங்கே பனிக்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் பகற்பொழுதின் நீளத்தில் சில நிமிடங்களே வேறுபாடு. இங்கிலாந்தில் ஒரு படி என்பது ஓராண்டு. இங்கே ஒரு படி ஒரு மாதமாகவும் இருக்கும். நான் போகங்களை எண்ணினேன். மண்ணிலிருக்கும் கிருமி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தது. கத்தரிக் குடும்பம் ஒரு பாத்திக்குத் திரும்ப மூன்றாண்டாவது ஆகவேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. அப்போதும் கிருமி அறவே போய்விடுவதில்லை, தணிகிறது. ஆகவே நடுவில் ஒரு சோளமன்று, இரண்டு மூன்று முறை சோளம். ஒரு கீரையன்று, பல கீரைகள். கொடிக்காய் ஒரு போகம், சர்க்கரைவள்ளி ஒரு போகம் என்று நாள்காட்டியை நிரப்பவேண்டும். குறிப்பேட்டில் ‘எத்தனையாவது பயிர்’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு, ‘எந்த மாதம், எந்த ஆண்டு’ என்று எழுதவைத்தேன். மண் சலிக்கும் என்றார் அம்மா. சலிப்பில்லாத சில உயிர்களும் அதே மண்ணில் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால் அவர் விதி முழுமையாகும்.

இன்னும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. மூன்றாண்டு காத்தும் ஒரு பாத்தி கைகொடுக்கவில்லை. காரணம் ஓரத்திலேயே நின்றது. பறவை எச்சத்தில் முளைத்த மணத்தக்காளியை, வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று யாரும் பிடுங்காமல் விட்டிருந்தோம். பாத்தி ஓய்வில் இருந்தது. கிருமிக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மணத்தக்காளி வேண்டுமெனில் தொட்டியில் வையுங்கள். வடிநீரும் அப்படியே. நோய்ப் பாத்தியிலிருந்து இறங்கும் நீர் அடுத்த பாத்தியைத் தொட்டுச் சென்றால் சுழற்சி பொருளிழக்கும். எனவே அப்போகத்துக் கத்தரிப் பாத்தியின் வடிகாலை மற்றப் பாத்திகளின் பக்கம் விடாது நேரே வெளிக்காலில் சேர்த்தோம். அங்கே வேலைசெய்த மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்தபின் பிற பாத்திகளில் இறக்கினோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளத்தில் சிகாமட், கோத்தா திங்கி மக்கள் பட்ட துயரத்துக்கு முன் ஒரு பள்ளித் தோட்டம் பெரிதன்று. ஆனால் வெள்ளம் புகுந்த தோட்டத்தில் பாத்திகளின் பழைய கணக்கு செல்லாது, எல்லாப் பாத்தியும் ஒரே பாத்தி என்று கொண்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

குடும்பம் வேறாயினும் பகைவன் ஒருவனாக இருப்பதும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழு கத்தரியையும் தாக்கும், வெண்டையையும் கடுமையாகத் தாக்கும், வெள்ளரிக் குடும்பத்தையும் விடாது. கத்தரிக்குப் பின் வெண்டை என்பது பூவைப் பார்த்தால் சரி. வேரைப் பார்த்தால் தவறு. நிலக்கடலை பெரும்பாலான நூற்புழு வகைகளுக்கு இடங்கொடாது. ஆயின் அதே நிலக்கடலை வாடல்நோய்க்கு ஆட்படும். ஆகவே எது வந்தது என்று அறிந்தே மாற்றுப்பயிரைத் தேர்வது முறை. போகம் முடிந்த செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரே வீங்கி மணிகோத்தாற்போல் இருந்தால் நூற்புழு. பயற்றஞ்செடியின் வேரில் காணும் முடிச்சு வேறு; பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அது நன்மை செய்வது.

அந்த நன்மையையும் அளவோடு நம்பவேண்டும். பயறு வகையின் வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரசனைப் பயிருக்கு ஏற்றதாக்குகிறது என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். அவர்களின் முழு அறிக்கை 1888இல் வெளிவந்தது. காவிரிப் படுகையில் நெல் அறுக்கப் பத்து நாள் இருக்கும்போதே ஈரவயலில் உளுந்தையும் பயற்றையும் தூவுவது பழைய வழக்கம். இங்கேயும் இளம் பால்மர நிரைகளுக்கிடையே பியூரேரியா போன்ற பயற்றுக்கொடிகளைப் படரவிட்டதைத் தோட்டத்து மக்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் காயெல்லாம் பறித்துச் சமைத்து, செடியையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே. அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மூடாக்காக இடவேண்டும். அதற்கும் முன்னதாக, நம் மண்ணின் புளிப்பைக் கவனிக்கவேண்டும். ரெங்கம் என்னும் நம் ஊரின் பெயராலேயே வழங்கும் மண்வகை கருங்கல் சிதைந்து உண்டானது. மழையால் சத்துகள் கழுவப்பட்டுப் புளித்தது. பொந்தியான், பத்து பகாட் பக்கத்துக் கரிச்சேற்று மண் இன்னும் புளிப்பு. அன்னாசிக்கு ஆகும், அவரைக்கு ஆகாது. டோலமைட் சுண்ணத்தூள் இட்டு, இரண்டு வாரம் கழித்துக் கோழி எரு இடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எருவின் நைட்ரசன் ஆவியாகப் போய்விடும். மூக்கே சாட்சி சொல்லும்.

சுழற்சி எல்லாவற்றையும் தீர்க்காது. காய்த்துளைப்பான் புழுவின் தாய் பறந்து வருவது. பாகலைக் குத்தும் பழ ஈயும் அப்படியே. நான்கு மீட்டர் தள்ளி நட்டதால் அவை வழிதவறுவதில்லை. பாகல் பிஞ்சுக்குக் காகித உறை போடுவதுதான் வழி. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், அடுக்ககத்தில் வாழும் பழைய மாணவி ஒருவர் ஆறு பைகளில் மிளகாய் வளர்ப்பதாகவும் சுழற்சி எப்படி என்றும் கேட்டார். பைகளை இடம்மாற்றி வைப்பதாகச் சொன்னார். பை நகர்ந்தால் மண்ணும் கூடவே நகரும், அம்மா. மிளகாய் முடிந்த பையில் கீரை போடுங்கள் என்றேன். சிரித்துவிட்டார்.

பட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் வழக்கம் தமிழகத்து மழைக்கு ஏற்பட்டது. இங்கே நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று. மெர்சிங் முதலான கிழக்குக் கரையில் அதன் வேகம் மிகுதி. அந்த மழைக்கு முன் மிளகாயும் தக்காளியும் காய்த்து முடிந்திருக்கவேண்டும். மழை மாதங்களில் வள்ளைக்கீரை தாங்கும். ஆண்டு விடுமுறையும் பெரும்பாலும் மழையோடு ஒட்டியே வந்ததால், அந்த வாரங்களில் பாத்தியைப் பயற்றுக்கொடிக்கு விட்டுவிட்டோம். பார்ப்பார் இல்லாத பாத்தியில் களையைவிடக் கொடி மேல்.

கத்தரியே வேண்டும், காத்திருக்க இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சுண்டைச்செடியின் வேர் வாடல்நோயையும் நூற்புழுவையும் பெரிதும் தாங்கும். சுண்டை நாற்றின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டலாம். தைவானில் 1971இல் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம், இன்று உலகக் காய்கறி மையம் என வழங்குவது, கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டும் முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. சவர அலகு, சிறு கவ்வி, ஒரு வாரத்துக்கு நிழலும் ஈரமும், இவ்வளவே தேவை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் பத்துக்கு ஆறு பிழைக்கவைத்தார்கள். எனக்கு நான்குதான் பிழைத்தன.

நிறைவாக, அந்தக் குறிப்பேடு. கட்டமிட்ட பழைய கணிதப் பயிற்சி நூல். பக்கத்துக்கு ஒரு பாத்தி. ஒரு கட்டம் 15 சென்டிமீட்டர். ஒவ்வொரு செடியும் புள்ளியாக, ஒவ்வொரு போகமும் மாதத்தோடு. பள்ளித் தோட்டங்களுக்கு நோயைவிடப் பெரிய இடையூறு, ஆசிரியர் மாற்றலாகிப் போவது. மண்ணின் நினைவு மண்ணில் இருக்கிறது. நட்டவனின் நினைவு அவனோடு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறது. புதிதாக வருபவர் வெயில் நன்றாக விழும் பாத்தியைப் பார்ப்பார், அதிலேயே கத்தரியை நடுவார், பிள்ளைகள் மீண்டும் நீரை ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று குறிப்பேட்டைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, மூன்றாம் பாத்தியின் பக்கத்தைக் கறையான் அரித்துவிட்டது. அதில் கடைசியாகக் கத்தரி எப்போது இருந்தது?” என்று கேட்டார். நினைவிலிருந்து சொன்னேன். அவர் விரலெண்ணுவது கேட்டது. “அப்படியானால் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, ஐயா. இப்போதைக்குச் சோளம்” என்றார்.

வெளியே மேசையில் ஒட்டுக்கட்டிய நாற்றுகள் சில வைத்திருக்கிறேன். பள்ளிக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே நிற்குமாறு நடுங்கள். இடைவெளி, பூனை ஓடும் அளவு.